முதல் தொட்டித் தண்ணீர்

நைனா,

வியாழக்கிழமை சென்ட்ரலில் ரயில் கிளம்புவதற்கு முன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "நேத்து சொன்னத அப்டியே எழுதி அனுப்பும்மா. கோயம்புத்தூர் பட்டறைங்கள்ல வேல செய்யற அம்மாங்களுக்குப் படிச்சுக் காட்டணும்." நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். பத்தாவது வரை படித்தவள், எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அப்படியே எழுத முடியவில்லை. ஏனென்றால் புதன்கிழமை நான் உன்னிடம் சொன்னது முழுவதும் அல்ல. விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதையும் இதில் நிறைய வரும். படிக்கப்போகிற மற்றவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நான் இந்த முலாம் பட்டறையில் சேர்ந்தேன். உங்கப்பா எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். ஒரு காலத்தில் காலையில் இறங்கினால் மதியத்துக்குள் கூடை நிறையும். பிறகு பாதிக் கூடை ஆனது, அப்புறம் அடியில் நாலு கிடந்தால் பெரிய விஷயம் என்று ஆனது. அந்த வருஷம்தான், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். குழாய்த் தலை, கைப்பிடி, சைக்கிள் சாமான் எல்லாம் மங்கலாக வரும். அவற்றை ஒவ்வொன்றாகக் கம்பிக் கொக்கியில் மாட்டி, சோப்புத் தொட்டியில் முக்கி, அலசி, பச்சை நிற நிக்கல் தொட்டியில் இறக்குவோம். மின்சாரம் ஓடி, பளபளவென்று வெளியே வரும். அதற்குப் பிறகு மூன்று தொட்டிகளில் தண்ணீர் இருக்கும். முதல் தொட்டியில் முக்கும்போது சாமானில் ஒட்டிய நிக்கல் கரைசல் எல்லாம் அங்கேதான் இறங்கும். ஆகையால் அது நல்ல பச்சையாக இருக்கும். இரண்டாவது வெளிர்பச்சை. மூன்றாவது பார்ப்பதற்குக் குடிதண்ணீர் போலவே இருக்கும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் முதல் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிடுவோம். பிடுங்குகிறவள் பெரும்பாலும் நான்தான். தண்ணீர் சாக்கடைக்குப் போகும், சாக்கடை கால்வாய்க்கு, கால்வாய் கழிமுகத்துக்கு. இது எனக்கு முதல் வாரமே தெரியும். கழிமுகத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு எந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை உங்கப்பா முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். தோல் தடித்துச் சிவந்திருந்தது. "இன்னாமே, கால்வா பக்கம் தண்ணி பச்சையா வந்துகினு இருந்துச்சு," என்றார். நான் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே, "பாசியா இருக்கும்யா," என்றேன். அவர் நம்பினார். நான் பொய் சொல்லி அவர் நம்பாமல் போனதே கிடையாது, அதனால்தான் அவரிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. பெரிய பெரிய ஆலைகள் சாம்பலும் எண்ணெயும் விடுகிற கழிமுகத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் எந்த மூலைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துப் பட்டறையிலும் இதையேதான் சொல்லிக்கொண்டார்கள், அதற்குப் பக்கத்திலும்.

நீ வேதியியல் படிக்கப் போனாய். பிறகு ஆராய்ச்சி என்றாய். எத்தனை வருஷம் என்று நான் கேட்டதற்கு, "அது தண்ணி கைல கீது," என்றாய். ஒருநாள் சாயங்காலம் லேபிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாய். உள்ளங்கை அகலம், காகிதம் போல மெலிசு, ஈரமாக இருந்தது. உங்கப்பா விரலால் தூக்கிப் பார்த்து, "இன்னாடா இது, உரிச்ச கடம்பாத் தோலு மாதிரி கீது," என்றார். கடம்பா என்றால் கணவாய் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ சிரித்துக்கொண்டே சொன்னதை நான் அன்றைக்கே மனப்பாடம் செய்துகொண்டேன். "இது ஒரு மாதிரி பிளாஸ்டிக்குப்பா. கரைச்சு, கண்ணாடி மேல மெல்லிசா இழுத்து, தண்ணியில முக்கினா இந்த மாதிரி சவ்வா உறைஞ்சிடும். மீஞ்சூர்ல கடல் தண்ணிய நல்ல தண்ணி ஆக்கறாங்களே, அங்கயும் சவ்வுதான். ஆனா அதுல தண்ணிய ரொம்ப அழுத்தித் தள்ளணும், அவ்ளோ கரண்டு சின்னப் பட்டறைக்குத் தாங்காது. நான் கொஞ்சம் பெரிய ஓட்ட வெச்ச சவ்வு எடுத்துக்கறேன். தண்ணி ஈஸியாப் போய்டும். உலோகமும் தண்ணியில கரைஞ்சி கீறதால கூடவே போய்டும். அதனால ஓட்டயோட சுவத்துல கொக்கி நட்டு வெக்கறேன். கண்ணுக்குத் தெரியாத கொக்கி. தண்ணி போவும், நிக்கல் மாட்டிக்கும்."

உங்கப்பா கேட்டார்: "மாட்டிகினே இருந்தா ரொம்பிடாதா?"

"ரொம்பிடும். அப்போ லேசான ஆசிட்ல கழுவினா மாட்டினது வுட்டுடும். சவ்வு மறுபடியும் புதுசு. கழுவின தண்ணியில நிக்கல் மட்டும் கீது, அத முலாம் தொட்டியிலயே திருப்பி ஊத்திக்கலாம்."

கொக்கியில் சாமான் மாட்டியே காலம் கழித்தவள் நான். அதனால் அந்தப் பேச்சு எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, லேப்ல நாங்களே நிக்கல் உப்பக் கரைச்சு டெஸ்ட் பண்றோம். நெஜத் தண்ணி வேணும். உங்க பட்டறைலேர்ந்து வாரம் ரெண்டு கேன் குடுப்பியா?" என்றாய்.

மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்டேன். பட்டறை முதலாளியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். கெட்டவர் இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உன் மவன் நல்லதுக்குத்தான் கேக்கான். ஆனா அந்தத் தண்ணியோட கணக்கு எங்கயாவது ஒரு ஆபீசர் கையில போச்சுன்னு வையி, பட்டறையப் பூட்டிட்டுப் போயிருவான். பதினாலு பொம்பளையள் இருக்கிய. எங்க போவீய?" கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. "பாத்துச் செய்யி," என்றார்.

நான் பார்த்துத்தான் செய்தேன். கேன்களை மூன்றாவது தொட்டியில் மொண்டேன். கொஞ்சமாவது பச்சை தெரிய வேண்டும் என்று முதல் தொட்டியிலிருந்து இரண்டு மக் ஊற்றினேன். மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீர். எட்டு மாதம், வாரா வாரம் அதைத்தான் உன்னிடம் கொடுத்தேன். நீ பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாய். உன் சவ்வு ஒரு சொட்டு நிக்கலைக்கூட விடாமல் பிடித்தது. உன் பேராசிரியை உன்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார் என்று வந்து சொன்னாய். அன்றைக்கு நான் வஞ்சிரம் வாங்கிப் பொரித்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாவம் என் பிள்ளை கெட்டிக்காரன், நிஜத் தண்ணீரிலும் பிடிக்கத்தான் செய்யும், நான் ஊற்றியது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில், நீயும் உன் பேராசிரியையும் பத்துப் பேரை வரவழைத்து உன் சவ்வை வைத்துக் காட்டினீர்கள். ஒரு மணி நேரத்தில் அது அடைத்துக்கொண்டது. வழிந்துவந்த தண்ணீரும் பச்சையாகவே வந்தது. நீ வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். சோறு வைத்தால் பிசைந்துவிட்டு எழுந்துபோனாய். "லேப்ல புடிச்சுது, அங்க புடிக்கல. ஏன்னு புரியலம்மா. எங்கியோ நாந்தான் தப்பு பண்ணிக்கீறேன். இதெல்லாம் நமக்கு வேலைக்கு ஆவாது. தோஸ்து ஒருத்தன் வாட்டர் ஃபில்டர் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னான், போய்டறேன்," என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். பதினோரு நாள் அப்படியே போயிற்று.

புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் விட்டது இந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான். பயத்தில் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது பாதிதான். அந்த நாட்களில் எனக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதி இருந்தது, நைனா. நீ இதை விட்டுவிட்டால் யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள், பட்டறை பிழைத்துக்கொள்ளும், நான் செய்ததும் வெளியே வராது. நீ சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, நான் சோற்றை எடுத்து மூடிவைத்துக்கொண்டே அதை நினைத்தேன். பெற்ற பிள்ளை ஒடிந்துபோயிருக்கும்போது இப்படி ஒரு நினைப்பு வருமா என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். எனக்கு வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் நான் கொடுத்த கேன் மாதிரிதான் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் உங்கப்பா துணிமணியைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "காசிமேடு போறேன். போட்டுல ஆள் கேட்டானுங்க," என்றார். ஐம்பத்தாறு வயதில், வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற விசைப்படகுக்கு. ஏன் என்றதற்கு அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "அவன் படிச்ச படிப்புக்கே இந்தத் தண்ணி அடங்கலன்னா நான் இன்னா பண்றது? ஒரு நாலு வருசத்துல சரியாப் பூடும்னு நெனச்சிகினு இருந்தேன். பையன்கிட்ட சொல்லாத, பேஜாராயிடுவான்."

அவர் காத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அதுவரை தெரியாது. உன் சவ்வை நம்பி, நாலு இறாலுக்காகத் தினமும் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தொட்டியைச் சொன்னேன், குழாய்த் தண்ணீரைச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்த பச்சை பாசி இல்லை என்பதையும் சொன்னேன். அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் இரண்டு காலிக் கேன்களையும் எடுத்துவந்து, "கெளம்பு," என்றார். "எங்கய்யா?" என்றேன். "தண்ணி மொள்ள."

பட்டறைக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார். உங்கப்பா உட்காரவில்லை. நான்தான் பேசினேன். முதல் தொட்டியிலிருந்து மொள்ளப் போகிறேன், இத்தனை நாள் கொடுத்தது நிஜத் தண்ணீரே இல்லை என்றேன். அண்ணாச்சி, "பூட்டிட்டாம்னா?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன்: "பூட்டச் சொல்லி யாரும் வர்ல அண்ணாச்சி. ஒரு சல்லட போடச் சொல்லிதான் வந்துகீறோம். சரியா வந்தா எவன் வந்தாலும் நீங்க கதவத் தொறந்தே வெச்சுக்கலாம்." அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கப்பா வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டியிருந்தார், எப்போதும் அப்படித்தான் கட்டுவார். அண்ணாச்சியின் பார்வை அவர் காலில் கொஞ்ச நேரம் நின்றது. "நீங்க கழிமுகத்துல இறங்குற ஆளா?" என்றார். உங்கப்பா ஆமாம் என்றார். அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நல்லாக் கலக்கிட்டு மொள்ளுங்க. அடியில கிடக்கதும் வரணும்லா," என்றார்.

அந்தத் தண்ணீரை உன் முன்னால் வைத்தபோதாவது நான் நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "இப்பதான் மொதத் தொட்டியில எடுக்க வுட்டாரு," என்று மட்டும் சொன்னேன். "அப்போ முன்னாடி குடுத்தது?" என்று கேட்டாய். "அதுவும் தொட்டித் தண்ணிதான்," என்றேன். உங்கப்பா என்னைப் பார்த்தார். நீ போனதும், "அவங்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்றார். சொன்னபடியே இரண்டு வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவைகூட அதைக் குத்திக்காட்டவும் இல்லை.

நீ மறுபடியும் லேபுக்குப் போனாய். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை இங்கே முழுக்க எழுத முடியாது. நிக்கல் அதிகம், கொக்கிகள் போதவில்லை என்று கண்டுபிடித்தாய். அதற்கு வேறொரு பிளாஸ்டிக்கைச் சேர்த்து, கொக்கிகள் அடர்த்தியாக முளைக்கிற மாதிரி சவ்வை மாற்றினாய். தட்டைத் துண்டை விட்டுவிட்டு, சேமியா போல மெலிசாக, ஆனால் உள்ளே ஓட்டையுள்ள இழைகளாக இழுத்துக் கட்டாகக் கட்டினாய். அப்படியும் ஒரு வாரத்தில் வழுவழுவென்று ஏதோ படிந்து அடைத்தது. ஒருநாள் அந்த இழையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாமானுக்கு மெருகு போடுகிறவர்கள் தேய்க்கிற மெழுகு அது. சோப்புத் தொட்டியில் சரியாகப் போகாமல் சாமானோடு ஒட்டிக்கொண்டே கடைசிவரை வரும். "சோப்புக்கு அப்புறம் சுடுதண்ணியில ஒரு அலசு போட்டா இது வராதுடா," என்றேன். நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். என் வேலையில் நான் சொன்ன ஒரு விஷயத்தை ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டது அதுவே முதல் தடவை.

இப்போது பட்டறையில் முதல் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த இழைக் கட்டுகளை உள்ளே வைத்த இரண்டு குழாய்கள் என் உயரத்துக்கு நிற்கின்றன. ஒன்று பிடிக்கும்போது மற்றதைக் கழுவுவோம். சனிக்கிழமை அடைப்பானைப் பிடுங்குவது கிடையாது. குழாய் வழியாக வருகிற தண்ணீரைச் சோதித்து, அளவுக்குள் இருக்கிறது என்று பார்த்த பிறகே அலசுவதற்குத் திருப்பிக்கொள்கிறோம். கழுவி எடுத்த பச்சையை நிக்கல் தொட்டியில் ஊற்றுவது என் வேலை. உங்கப்பா காசிமேடு போகவில்லை. கூடையும் நிறைந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பட்டறை நிறுத்தியதால் கழிமுகம் மாறிவிடாது. அவர் தினமும் போகிறார், வருகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை, கோயம்புத்தூர் பட்டறைகளில் சவ்வு வைப்பதற்கு முன் அங்கே சபையில் பேசப்போவதை நீ எனக்கு முன்னால் பேசிப் பழகினாய். லேப்டாப்பில் புள்ளி புள்ளியாக ஒரு படம். முதல் எட்டு மாதப் புள்ளிகள் எல்லாம் உச்சியில் இருந்தன, பிறகு சடாரென்று கீழே விழுந்தன. "இது மட்டும் ஏன்னு இன்னும் தெர்லம்மா. யாராவது கேட்டா பதில் இல்ல," என்றாய். அதன்மேல் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குறி நான்தான். ஊர்விட்டு ஊர் போய், தெரியாதவர்கள் முன்னால் நீ அதைச் சுமந்துகொண்டு நிற்கப்போகிறாய் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நீ பெட்டியில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நீ சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். இனி என் பிள்ளை என் முகத்தைப் பார்க்க மாட்டான் என்று நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாய். கையில் நோட்டு இருந்தது. எதிரில் உட்கார்ந்து, "மூணாவது தொட்டி எவ்ளோ, கொழா தண்ணி எவ்ளோ?" என்று கேட்டாய். பாதிக்குப் பாதி என்றேன். "மக்கு எந்த மக்கு?" என்றாய். நீல மக் என்றேன். போய் எடுத்துவரச் சொல்லி, அளந்து எழுதினாய். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ரெண்டு வருசம் மண்டைய ஒடைச்சுகினேம்மா. எம்மேலயே நம்பிக்க பூட்ச்சு." உன் கண் கலங்கியிருந்தது. என் மேல் கோபம் என்றும் சொன்னாய், அதை மறைக்கவில்லை. மறைக்காமல் இருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து நீயே சொன்னாய்: "ஆனா ஒண்ணு. லேசான தண்ணியில அந்த பழைய சவ்வு எட்டு மாசம் நின்னுச்சுன்னா, அத கடைசித் தொட்டிக்கு வெக்கலாம். புதுசு மொதத் தொட்டிக்கு, பழசு கடைசிக்கு. இத நான் யோசிக்கவே இல்ல." உடனே பேராசிரியைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாய், என் பெயரோடு. படத்தில் கேள்விக்குறியை எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த சாம்பிள் என்ற அர்த்தத்தில் "நீர்த்த மாதிரி" என்று எழுதினாய். சபையில் யாராவது கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்றாய். சொல். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். அங்கே உனக்குக் கேன் நிரப்பிக் கொடுக்கிறவர்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் இல்லை. வீட்டு வாடகையும் பிள்ளை படிப்பும் அந்தத் தொட்டியில்தான் மிதக்கின்றன என்று நினைக்கிறவர்கள். தண்ணீர் கேட்பதற்கு முன்னால், இந்தத் தண்ணீரைக் கொடுத்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேள். நீ அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், ஆனால் முதல் தொட்டியில் மொண்டிருப்பேன். கேட்காதது உன் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கே அந்தக் கேள்வி தெரியாது.

நேற்று, நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பட்டறையில் வேலை செய்கிற செல்வி வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், கைக்குழந்தைக்காரி. அவளுடைய முதலாளி எங்கள் குழாயைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி போட என்ன செய்ய வேண்டும் என்று அவளை விசாரித்துவரச் சொல்லியிருக்கிறார். முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றேன். அவள் முந்தானை முனையைத் திருகிக்கொண்டு நின்றாள். "அக்கா, சோதிச்சா மூடிடுவாங்களா?" என்றாள். மூட மாட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. அது எனக்குத் தெரியாத விஷயம். "தெர்லடி. மூட வந்தா நானும் வந்து உன்கூட நிப்பேன். அண்ணாச்சியயும் கூட்டிகினு வர்றேன்," என்றேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என்னைத் தன் பட்டறைக்குள் அழைத்துப் போனாள், இரண்டு பேரும் சேர்ந்து முதல் தொட்டியைக் கலக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அங்கே தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று முதலில் சொல். சாப்பிட்டாயா என்று நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா